கல்யாணத்தை நிறுத்தியவர்

நான் ஒட்டுக்கேட்கிறவனல்ல. ஆனால் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பெண், "அந்தக் கல்யாணத்தை நிறுத்திப்போட்டனுங்க, நங்கையா" என்றால் காது என்ன செய்யும்?

நங்கையா என்றால் கணவரின் அக்கா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "எந்தக் கல்யாணம், அம்மணி?"

"போன்ல தொடர்கதை எழுதறனில்லீங்க, அதுலதான். மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த அக்கா இருக்கறப்ப, பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யறதுக்குச் சித்தப்பா மகளை நிக்க வெச்சு எழுதிப்போட்டேன். பேரில்லாத ஒரு ஆளு வாராவாரம் கமெண்ட்ல கிழிக்குதுங்க. கல்யாண ஊட்டுப் படியை மிதிச்சிருக்கறயான்னு கேக்குது."

"தப்புத்தானே? அக்காளுக்கு மனசு நோகாதா? நான் கதையெல்லாம் படிக்கறதில்ல, நாயத்தைச் சொன்னேன்."

"நாயந்தானுங்க."

"இத்தனை பேச்சு வாங்கிட்டு எதுக்குக் கண்ணு எழுதறே?"

"மத்தவங்க பூப்படம் போட்டுட்டுப் போயர்றாங்க. அந்த ஆளு மட்டுந்தானுங்க கடைசி வரி வரைக்கும் படிச்சுப்போட்டுத் திட்டுது. அதுக்கோசரமே உக்காந்து எழுதறனுங்க."

கிணத்துக்கடவில் பஸ் நின்று கிளம்பியது. நங்கையா கைப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "கல்யாணத்தை நடத்திப்போடு. அந்தச் சித்தப்பா மகளுக்குக் கட்டிவிட்டயே மாம்பழக் கலர் பட்டு, அதை அக்காளுக்குக் கட்டு."

எழுதுகிறவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"கட்டிப்போடறனுங்க. நீங்க திட்டறதை மட்டும் நிறுத்தீராதீங்க."