பச்சை நிற்கும் சூடு

எனக்குக் காலையில் எழுவது எப்போதுமே சிரமம். சின்னக்கானல் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். பிறர் பறித்த இலையைப் பிறருக்காக எடை போடும் வேலை. "எந்திரிங்க, தேயிலை ஒங்களத் தேடிக் கட்டிலுக்கு வராது" என்று என் மனைவி சாந்தம்மாள் தினமும் போர்வையை உருவுவாள். அவளேதான் ஒருநாள் சொன்னாள்: "இந்த வேலை ஒங்களத் தின்னுருச்சு. நமக்குன்னு ஒண்ணு ஆரம்பிப்போம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் சாந்தன்பாறையில் ஏலக்காய் உலர்த்தும் அறை கட்டினோம். மண்சுவர், ஒரே கதவு, வெளியே அடுப்பு, அறைக்குள் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய், உள்ளே காய் பரப்ப வரிசையாகத் தட்டுகள். அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகள் அதுவரை வெயிலை நம்பியிருந்தார்கள். வெயிலில் காய் வெளுத்துவிடும். மூடிய சூட்டில்தான் பச்சை நிற்கும். நடுவில் கதவைத் திறந்தால் போயிற்று.

முதல் இரண்டு தடவையும் வெளுத்தது. நான்தான் பொறுக்காமல் திறந்து திறந்து பார்த்தேன். போடியிலிருந்து வந்த வியாபாரி ஒரு காயை உருட்டிப் பார்த்து, "என்னய்யா இது, ஏலக்காயா, வேப்பங்கொட்டையா?" என்றார். காய் கொடுத்த சங்கையா, "இன்னொரு வாட்டி தாரேன். அதுவும் போச்சுன்னா நீரு பழையபடி தராசுக்கே போயிரும், கணக்குப்பிள்ள" என்றார்.

"அவரு இப்ப முதலாளி, அண்ணே" என்றாள் சாந்தம்மாள்.

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது தடவை, ஆவணி மழை. அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்தி, வெளியே குறுக்குக் கட்டை போட்டேன். சந்துகளைச் சாணியால் மெழுகினேன். அவள் கடைசித் தட்டுக்குப் பின்னால் குனிந்து காயைப் பரப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதை நீங்கள் நம்ப வேண்டும், சார். அவளும் வேலையில் கவனிக்கவில்லை போலும்.

சூடு ஏறி நின்ற பிறகு தட்டினாள். "ஏங்க, ஏலத்தோட சேத்து என்னையும் ஒணத்துறீங்களா?" சிரிப்பது கேட்டது.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

"பொறுக்கேன். சீக்கிரம்."

பச்சை பிடிக்கும் நேரம் அது. கட்டையில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

"மூச்சு முட்டுது, தொறங்க" என்றாள். அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் என் பெயர் வந்ததில்லை. அடுப்பில் விறகு தள்ளினேன். என்ன செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்பது எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தெளிவாக இருந்தது. தட்டும் சத்தம் கதவின் அடிப்பக்கத்துக்கு இறங்கியது. பிறகு மழைதான் கேட்டது.

சூடு ஆறிய பின் திறந்தேன். காய் அத்தனையும் பச்சை. வாசலோரம் கிடந்தவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அழுகை நின்றதும் ஒரு பிடி காயை அள்ளி, வேறு யாருக்கும் முன்னால் அவளுக்குத்தான் காட்டினேன்.