கடைசிப் பக்கம் பட்ட பாடு

பேரையூரிலிருந்து மதுரை வரும் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஓர் இளம்பெண் மடிக்கணினியைத் திறந்தாள். அருகில் அவளுடன் வேலை பார்ப்பவர்.

“பாதியப் படிச்சிட்டு முழுசும் படிச்சேங்குதுண்ணே,” என்றாள்.

“எது?”

“ஏஐதான். நாம செஞ்ச கருவி பெரிய ஃபைல்ல முன்பகுதிய மட்டுந்தான அதுக்கு எடுத்துக் குடுக்கும்? ஏஐக்கு எழுதிக் குடுத்த விளக்கக் குறிப்புல அதச் சொல்லாம விட்டுட்டோம். சோதிச்சுப் பாத்த ஒருத்தரோட குத்தகைப் பத்திரத்துல கடைசிப் பக்கத்து நிபந்தனைய ‘இல்லவே இல்ல’ன்னுருச்சு. அவரு மக பாக்கலேன்னா கையெழுத்துப் போட்டிருப்பாரு. நாளைக்கு இது எல்லாருக்கும் போகுதுண்ணே.”

“குறிப்பச் சுருக்கமா எழுதச் சொல்லிருக்காக. இம்புட்டு நீட்டுனா எவன் படிப்பான்?”

“மனுசன் படிக்க மாட்டான். அது படிக்கும். எழுதுனத அப்படியே நம்பும்.”

திருமங்கலம் தாண்டியதும் அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“சரித்தா, கடைசியில ஒரு வரி சேத்துரு.”

“கடைசியிலயா? கடைசிப் பக்கம் பட்ட பாடு போதும்ணே.”

குறிப்பின் முதல் வரியாகவே எழுதி, மெல்ல வாய்விட்டுப் படித்தாள். அந்தக் குரல் இன்னும் நினைவிருக்கிறது.

“கோப்பு பெரிதென்றால், இங்கே தந்திருப்பது அதன் முன்பகுதி மட்டுமே. மீதியையும் கருவியிடம் கேட்டுப் படித்த பிறகே பதில் சொல்.”