அந்த பஸ்ஸுல ஏற மாட்டேன்

தங்கச்சி: ...அதைத் தொடாதக்கா. பாக்கத்தான் ஜோரா இருக்கு.

அக்கா: தொட்டாக் காசு கேப்பாங்களா? முன்னாடியும் ஸ்பிரிங், பின்னாடியும் ஸ்பிரிங். மெத்து மெத்துன்னு போகும்டி.

கடைக்காரர்: இந்த விலைக்குப் பின்னாடி ஸ்பிரிங் வச்சதை வாங்காதீங்கம்மா. சைக்கிள் கனத்துப் போகும். நீங்க மிதிக்கிறதுல பாதிய அதுவே தின்னுடும்.

அக்கா: என் உழைப்பைத் தின்ன இன்னொரு ஆளா? வேணாம்பா.

தங்கச்சி: முன்னாடி மட்டும் ஸ்பிரிங் இருக்குறதைக் காட்டுங்கண்ணே. டிஸ்க் பிரேக் கண்டிப்பா இருக்கணும்.

அக்கா: பிரேக்குன்னா பிரேக்கு. அதுல என்னடி...

தங்கச்சி: ஈரத்துல சாதா பிரேக் வழுக்கும். இறக்கத்துல பிடிக்காது.

அக்கா: எந்த இறக்கம்? முட்டி வலிக்கு டாக்டர் சொன்னாருன்னு வாங்குறேன். தெருவை ரெண்டு சுத்து சுத்துவேன். அவ்வளவுதான்.

கடைக்காரர்: தெருவைச் சுத்த மலைச் சைக்கிள் எதுக்கும்மா? அந்தா, கூடை வச்ச சைக்கிள் இருக்கு. விலையும் பாதிதான்.

அக்கா: ...வேணாம். இந்தத் தடிச்ச டயரே இருக்கட்டும்.

தங்கச்சி: தெருவுல குழி இருக்குல்லண்ணே.

அக்கா: ஆமா. குழி.

கடைக்காரர்: உக்காருங்கம்மா, வந்ததுலேர்ந்து நிக்கிறீங்க.

அக்கா: உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி லாண்டிரியில ஈரப் போர்வையா தூக்கிப் போட்டுட்டு வரேன். இவ, நாள் பூரா ஃபோன்ல கண்டவன்கிட்டயும் திட்டு வாங்கிட்டு வரா.

தங்கச்சி: இன்னைக்கு ஒருத்தர், வாஷிங் மெஷின் சத்தம் போடுதுன்னு திட்டினாரு. அவர் போட்ட சத்தத்துல மெஷின் சத்தமே எனக்குக் கேக்கல.

கடைக்காரர்: ஃபோன்ல சொன்ன தொகைதானேம்மா?

அக்கா: அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. ஹெல்மெட்டும் அதுலயேதான்.

கடைக்காரர்: அப்பப் புதுசு வேணாம். பழசு ஒண்ணு நல்லது இருக்கு. வாங்கினவர் ஒரு தடவை மலை ஏறினாரு. மறுநாளே கொண்டுவந்து விட்டுட்டாரு.

அக்கா: புத்திசாலி மனுஷன்.

கடைக்காரர்: காலை அந்தப் பக்கம் போட்டு நில்லுங்க... கம்பி இடிக்குதா?

அக்கா: இடிக்கல.

கடைக்காரர்: அப்ப அளவு சரி.

தங்கச்சி: சின்ன கியர் ஒழுங்கா விழுதா பாருங்கண்ணே. தண்ணித் தொட்டி தாண்டினதும் ஏத்தம் நெட்டுக்குத்தா நிக்கும்.

அக்கா: எந்தத் தண்ணித் தொட்டி?

தங்கச்சி: ...பொதுவாச் சொன்னேன்.

அக்கா: பொதுவா எந்த ஏத்தத்துலடி தண்ணித் தொட்டி இருக்கு?

கடைக்காரர்: நான் காத்தடிச்சுக் கொண்டுவரேன். நீங்க பேசிட்டு இருங்க.

தங்கச்சி: அக்கா... முட்டி வலிக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். அவ வீட்டுக்குத்தானே?

அக்கா: எவ வீட்டுக்கு?

தங்கச்சி: பெத்த பொண்ணு மறந்துபோச்சா?

அக்கா: மறந்தாத்தான் நிம்மதியாத் தூங்குவேனே.

தங்கச்சி: பஸ்ஸுல போயேன். மலையைச் சுத்திக்கிட்டு அவ வாசல்லயே போய் நிக்குது.

அக்கா: அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அவ ஏறின பஸ்ஸுடி அது. ஜென்மத்துக்கும் அதுல கால் வைக்க மாட்டேன்னு தெருவே வேடிக்கை பாக்கக் கத்தினேன். இப்ப எந்த மூஞ்சியோட டிக்கெட் எடுக்க?

தங்கச்சி: அதுக்காக இந்த வயசுல மலை ஏறுவியா?

அக்கா: பஸ்ஸைத்தான் சொன்னேன். சைக்கிளைச் சொல்லல.

தங்கச்சி: உன் வீம்பு இருக்கே...

அக்கா: நீ மட்டும் என்னவாம்? அக்கா ஏறாத பஸ்ஸுல நானும் ஏற மாட்டேன்னு பக்கத்துல நின்னு கத்தினவதானே?

தங்கச்சி: கத்தினேன். அன்னைக்கே என் வாயைத் தைச்சிருக்கணும்.

அக்கா: கதவைத் திறக்கலேன்னா என்னடி பண்ணுவேன்? அவ்வளவு தூரம் மிதிச்சுப் போய், வாசல்ல நின்னுட்டு, அப்படியே திரும்பி வரணும்னா... என்னால முடியாதுடி. அந்தத் தெம்பு எனக்கில்ல.

தங்கச்சி: திறப்பா.

அக்கா: உனக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம்னு ஓடுற. வரப்ப ஷூ பூரா செம்மண்ணு. ஃபோன் எடுக்குற ஆபீஸ்ல எங்கேர்ந்துடி செம்மண்ணு?

தங்கச்சி: அண்ணே, காத்தடிச்சாச்சா?

அக்கா: கேக்கணும்னு நினைப்பேன். அதுக்குள்ள அசதியில கண்ணு சொக்கிடும்.

கடைக்காரர்: ரெடிம்மா. ஸ்டாண்டு வேணுமா? இதுக்குத் தனியாத்தான் போடணும்.

அக்கா: வேணாம், செலவை இழுக்காதீங்க. சுவத்துல சாச்சுக்கிறேன்.

தங்கச்சி: போடுங்கண்ணே. அதுக்கு நான் தரேன்.

அக்கா: தண்டச் செலவு எதுக்குடி? அவ வீட்டுக்குச் சுவரே இல்லையா?

தங்கச்சி: இருக்கு. அதுல மட்டும் சாய்க்காத.

அக்கா: ...அவ வீட்டுச் சுவரை நீ எங்கடி பாத்த?

தங்கச்சி: சத்தியமா நான் அந்த பஸ்ஸுல ஏறலக்கா. வாரா வாரம் மலையேறி நடந்துதான் போறேன். சுவத்துல சாச்சா ஹேண்டில் ஜன்னல்ல போய் இடிக்கும். ஜன்னலுக்கு உள்பக்கம்தான் தொட்டில் கட்டியிருக்கு. பாதித் தூக்கத்துல எழுப்பினா, உன் பேத்தி உன்னை மாதிரியே தெருவே வேடிக்கை பாக்கக் கத்துவா.