ஆழத்துக்கு ஏற்ற உடை

உங்கள் நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது சார். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். மல்லாந்து விழுந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. தப்பாக நினைக்காதீர்கள். எங்கே போனாலும் இந்த மாதிரி விஷயம்தான் முதலில் என் கண்ணில் படும். அதனால்தான் எங்கள் ஆழ்நீர் ஸ்கூபா சங்கத்தில் என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர் 'எச்சரிக்கை'. "எச்சரிக்கை வர்றாரு, போனை எடுத்துக் காதுல வெச்சுக்கோ" என்பார்கள். நான் கோபப்பட்டதில்லை.

மாதாமாதம் சங்கக் கூடத்தில் வகுப்பு எடுப்பேன். ஆழத்தில் இறங்குகிறவர் எந்த உடை போட வேண்டும், மேலே மிதந்து வர முதுகில் எந்தக் காற்றுப்பை கட்ட வேண்டும் என்பதுதான் பாடம். போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒருவர் வருவார். ஃபேன் காற்றுக்கு வாட்ச்மேன் வருவார். அவராவது தூங்குவதற்கு முன் வணக்கம் சொல்வார். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு விபத்துகூடக் கிடையாது. அதற்குக் காரணம் நான். ஆனால் அதையே எனக்கு எதிராகத் திருப்பினார்கள். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே சார், அப்புறம் எதுக்கு இந்தப் பாட்டு?" என்று செயலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் குறை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் பாரபட்சம் பார்க்கவில்லை. வெளியாளைப் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் என் தங்கை கணவரை எடுத்துக்கொண்டேன். நல்ல மனிதர். புதிதாக ஆழத்தில் இறங்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு என்னைத்தான் கூட்டிப் போனார்.

"மச்சான், எனக்கு இதுல ஒண்ணும் புரியல. நீங்க எதைக் காட்டுறீங்களோ அதை வாங்கிக்கிறேன்" என்றார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தண்ணீர் புகாத டிரை சூட் என்று ஒரு உடை உண்டு. அதற்குள்ளேயும் காற்று நிரப்பலாம். முதுகுப் பை கிழிந்தால் உடையே நம்மை மேலே தூக்கும். வெட் சூட் அப்படியில்லை. அது ரப்பர் பஞ்சு. மேலே நன்றாக மிதக்கும், ஆழம் போகப்போக நசுங்கி அப்பளமாகிவிடும், மிதக்காது. அதோடு கனமான இரும்புச் சிலிண்டர் இரண்டைக் கட்டினால் பாரம் முழுக்க அந்த ஒற்றைப் பையின் தலையில். கழற்றிப் போடவும் முடியாது. பாரமே சிலிண்டர்தான், சிலிண்டர் போனால் மூச்சு இல்லை.

மாப்பிள்ளைக்குத் தடிமனான வெட் சூட் எடுத்துக் கொடுத்தேன். அருமையான தயாரிப்பு. சிலிண்டர்களும் முதல் தரம். டிரை சூட்டைத் தொட்டுப் பார்த்து, "இது வேண்டாமா மச்சான்?" என்று கேட்டார். "அது குண்டாக் காட்டும் மாப்பிள்ளை" என்றேன். சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார். காற்றுப்பை மட்டும் கடையில் வாங்கவில்லை. என்னுடைய பழைய பையைக் கொடுத்தேன். குழாய் சேரும் இடத்தில் ஒட்டு விட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சொந்தக்காரர், அன்பளிப்பாக இருக்கட்டுமே என்றுதான்.

தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியில் இறங்கினார். நான் கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அடியில் பையின் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கூட இறங்கிய போட்டோகிராபர் முடிந்தவரை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு தனியாக மேலே வந்தார். அதுவும் வகுப்பில் நான் சொல்லும் விதிதான். அவர் அழுதபோது நான்தான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

தங்கை என் தோளில் சாய்ந்து, "அண்ணா, நீ சொன்னதை அவர் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கதறினாள். அவர் நான் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டார் என்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது?

அடுத்த வகுப்புக்கு நாற்காலி போதவில்லை சார். செயலாளர் தரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். எத்தனை பேர் டிரை சூட்டுக்கு மாறினார்கள், எத்தனை பேர் பழைய பையைத் தூக்கி எறிந்தார்கள்! ஒரு உயிருக்கு எத்தனை உயிர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் மனிதர்களுக்கு மறதி அதிகம். மெல்ல மெல்ல ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மறுபடியும் வாட்ச்மேன்தான் மிச்சம்.

அதனால் சங்கத்தில் இருந்த பல் டாக்டர் ஒருவருக்கும் நானே சாமான்கள் எடுத்துக் கொடுத்தேன். அதே வெட் சூட், அதே மாதிரி சிலிண்டர். ஒட்டு விட்ட இன்னொரு பையும் என்னிடம் இருந்தது.

அவர் நேராகக் குவாரிக்குப் போகவில்லை. நீச்சல் குளத்தில் இறங்கி, பையைக் காலியாக்கிவிட்டு, வெறும் காலை உதைத்து மேலே வர முடிகிறதா என்று பார்த்தார். முடியவில்லை. மேலே இவ்வளவு மிதக்கும் உடையிலேயே முடியவில்லை என்றால் ஆழத்தில் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். ஏணியைப் பிடித்து ஏறி, பையில் காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தார். குழாயடியில் குமிழி குமிழியாக வந்தது.

"சார், முதல்ல மேல வர முடியுமான்னு பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று கேட்டார். "அப்புறம் இதை ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் பாடத்தைக் காதில் வாங்கிய ஒரே மாணவர். அவர் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தபோது ஈரக் கையோடு செய்யாதீர்கள் என்று துண்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆமாம், மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். டாக்டரையும் கொல்லத்தான் இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்களே, உண்டு. மாப்பிள்ளைக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் டிரை சூட்டைப் பற்றி விளக்கமாகவே பேசினேன். ஆனால் மைக் சரியில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது.