மாடு யார் கட்டில் பக்கம்

அதோலத்: ...மழுப்பாதீங்க அக்கா. சாயங்காலம் மாட்டை முத்தத்துல என் கட்டிலுக்கும் வயல் சுவருக்கும் நடுவுல கட்டுறேன். காலையில பார்த்தா உங்க கட்டில் பக்கம் நின்னு அசை போடுது. ஒரு நாளா, ரெண்டு நாளா... இந்த மாசம் பூரா இதே கூத்து.

குல்சிஃபத்: முளையைப் பிடுங்கிட்டு வந்திருக்கும்.

அதோலத்: வந்து, இங்க தன்னைத்தானே கட்டிக்கிட்டுதாக்கும்.

குல்சிஃபத்: விடிஞ்சதும் ஓரகத்தியோட மல்லுக்கு நிக்கணும்னு நேர்ந்துக்கிட்டியா? தந்தூர் அடுப்புல ரொட்டி கருகுது, போய்ப் பாரு.

அதோலத்: கருகட்டும். பாலுக்கு ஆசைப்பட்டுதான் இழுக்கறீங்கன்னு இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப என் பொண்ணு சிதோரா குளிர்ஜுரத்துல தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கிடக்கா. மலேரியான்னு நர்ஸ் சொல்லிட்டுப் போறா.

குல்சிஃபத்: அதுக்கு மாடு என்னடி பண்ணும்? சுவர் வரைக்கும் நெல்லு நட்டது யாரு? உன் புருஷன். பருத்தி போட்ட காலத்துல கொசு ஏது இங்க? வக்ஷ் ஆத்து வாய்க்காலை வெட்டித் தண்ணியைத் தேக்கிட்டு, வருஷா வருஷம் நட்டு முடிச்சதும் கூலி வேலைக்கு ரஷ்யாவுக்கு ரயில் ஏறிடறான். கடிபடுறது நாம.

அதோலத்: உங்க வீட்டுக்காரர் மட்டும் என்னவாம்? கூட நின்னு நாத்து நட்டுட்டு, அதே ரயில்லதான் போனார்.

குல்சிஃபத்: சரி, ஒண்ணு கேக்கறேன். சாணி நாத்தம்னு மூக்கைப் பொத்துறவ நீ. கட்டில் பக்கத்துல மாட்டைக் கட்டிக்கிட்டு ஏன் படுக்கற?

அதோலத்: அது... என் குரல் கேட்டாதான் அதுக்குப் பால் இறங்கும்.

குல்சிஃபத்: ஓ. ராத்திரி பூரா அதோட கதை பேசறியா?

அதோலத்: கிண்டல் வேணாம்.

குல்சிஃபத்: அப்ப உண்மையைச் சொல்லு.

அதோலத்: ...கொசு மூச்சையும் உடம்பு வாசத்தையும் பிடிச்சுக்கிட்டுதான் வருமாம். வயலுக்கும் நமக்கும் நடுவுல மாடு நின்னா, முக்கால்வாசி அதுமேலயே உக்காந்துடுமாம். மாடு இல்லன்னா ஆளைத் தேடி வரும். நர்ஸ் சொன்னா.

குல்சிஃபத்: எப்ப சொன்னா?

அதோலத்: போன கோடையில.

குல்சிஃபத்: என்கிட்ட ஏன் சொல்லல?

அதோலத்: இருக்கறது ஒரு மாடு. கட்டில் ரெண்டு. என்கிட்ட பச்சைக்குழந்தை... நீங்க ஒத்தை ஆளு.

குல்சிஃபத்: ஒத்தை ஆளு.

அதோலத்: ஆமா. நான் பண்ணது தப்புன்னே வச்சுக்கோங்க. நீங்க எதுக்கு இழுத்தீங்க? உங்களுக்கும் தெரியுமா?

குல்சிஃபத்: தெரியும். இந்த வருஷம் எனக்கும் அவ சொன்னா.

அதோலத்: தெரிஞ்சேவா? குழந்தை படுத்திருக்குன்னு தெரிஞ்சே... நீங்கல்லாம் ஒரு மனுஷியா?

குல்சிஃபத்: போன கோடையில எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

அதோலத்: வந்துச்சு. நல்லா எழுந்து நடந்தீங்களே.

குல்சிஃபத்: நான் எழுந்துட்டேன். வயித்துல இருந்தது எழுந்திரிக்கல. கண் பட்டுடும்னு உன்கிட்டகூட மறைச்சேன்... அது கலைஞ்சதுக்கப்புறம் சொல்ல வாய் வரல. இப்ப மறுபடியும் மூணு மாசம், அதோலத். மாட்டை எங்க கட்டறதுன்னு நீயே சொல்லு.