வண்டி வரக்கூடாத திசையைப் பார்த்து நின்றவருக்கு

நெடுஞ்சாலைப் பராமரிப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் முதுகெலும்பாய் நின்று இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் மேற்பார்வையாளர், ‘விசில் அண்ணன்’ அவர்களுக்கு, நடுத்தடுப்புக் குழுவினர் நெஞ்சார வாசித்தளிக்கும் மடல்.

உடைந்த தடுப்பை ஒருபொழுதும் உறங்கவிடாத உழைப்பின் உருவே! பாய்ந்து வரும் பாரவண்டிகளின் பக்கத்தில் பதறாமல் நின்ற பண்பாளரே! தொண்டை கிழியத் திட்டி எங்கள் உயிரைத் தோளில் தாங்கிய தோழரே! வணக்கம்!

இப்படி நான்கு வரியாவது இருந்தால்தான் கண்ணாடிச் சட்டம் போட முடியும் என்று அலுவலகக் கணக்கர் சொல்லிவிட்டார். போட்டாயிற்று. இனி எங்கள் வாயால் பேசுகிறோம். பொறியாளர் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாளைக் காலை எங்கள் முதுகுக்கு யார் காவல் என்ற கேள்வி அவருக்கும் சேர்த்துத்தான்.

சபையில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சாலை நடுவே தடுப்புத் தகடு நெளிந்தால் நாங்கள் போய் மாற்றுவோம். தடுப்பை ஒட்டிய தடத்தை மறித்து, வண்டிகள் வரும் பக்கம் எங்கள் லாரியைக் குறுக்கே நிறுத்துவோம். எவனாவது கண்ணயர்ந்து வந்தால் லாரி வாங்கிக்கொள்ளும். கொடிக்காரரும் அந்தப் பக்கமே பார்ப்பார். மறுபக்கம் எங்கள் முதுகுதான். ஒருவழிப் பாதையில் பின்னாலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் நம்பினோம். அண்ணா, நீங்களும்தான் நம்பினீர்கள்.

சென்ற கோடையில், மேம்பாலச் சரிவில் அந்த நம்பிக்கை உடைந்தது. கழற்றிய தகடுகளுக்குப் பதில் புதியவற்றைப் பொருத்தி, கடைசித் தகட்டை இரண்டு போல்ட்டில் தொங்கவிட்டிருந்தோம். ஜெனரேட்டர் இரைச்சலில் காது அடைத்திருந்தது. தண்ணீர் குடிக்கத் திரும்பிய நீங்கள்தான் பார்த்தீர்கள். எங்கள் தடத்திலேயே, எங்கள் முதுகை நோக்கி, ஒரு வெள்ளைக் கார் எதிர்த்திசையில் பறந்து வந்தது.

ஒதுங்க இடமில்லை. பக்கத்துத் தடத்தில் லாரிகள் வாலைப் பிடித்தாற்போல் ஓடிக்கொண்டிருந்தன. தடுப்பைத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் பேருந்துகள். காருக்கும் வழியில்லை, சரிவில் இறங்கும் வேகத்தில் உடனே நிற்கவும் முடியாது; எங்களை அடித்துவிட்டு எங்கள் லாரியில் மோதுவது ஒன்றே அதற்கு மிச்சம். வெல்டர் மண்டியிட்டபடியே உறைந்துபோனான். அப்போது உங்கள் விசில் கேட்டது.

“ஓடாதீங்கடா! மாட்டுன தகட்டை எல்லாம் கழட்டாதீங்க, கடைசித் தகட்டை மட்டும் தள்ளுங்க! வழி விடுங்க!”

திறப்பைக் கண்டாலே வயிறு எரியும் மனிதரே! டீக்கடைக்கும் ஊருக்கும் குறுக்குவழி வேண்டுமென்று எவன் தடுப்பைப் பிரித்தாலும் அவன் வீட்டு வாசல் வரை போய்ச் சண்டை போட்டவரே! நீங்களா திறக்கச் சொல்கிறீர்கள் என்று எங்களுக்குப் புரியவேயில்லை. கை மட்டும் உங்கள் பேச்சைக் கேட்டது. போல்ட் தெறித்தது, தகடு சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் மறுபாதையின் நடுவில், சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு, ஒரு பேருந்தின் முன்னால் நின்றிருந்தீர்கள். டயர் கருகிய வாடை எங்கள் மூக்கில் இன்னும் இருக்கிறது. பேருந்து நின்றது. அந்தக் கார் தடுமாறி, திறப்பில் நுழைந்து, தான் போகவேண்டிய திசையில் போய் ஓரமாக நின்றது.

உள்ளே ஒரு கணவன், மனைவி, மடியில் குழந்தை. “பெட்ரோல் பங்க்கைத் தாண்டிட்டேன் சார்… கொஞ்ச தூரம்தானேன்னு திருப்பிட்டேன்” என்றார் அவர். நாங்கள் அடிக்கப் பாய்ந்தோம். நீங்கள் தடுத்தீர்கள். “புள்ள அழுவுது, முதல்ல தண்ணி குடுங்கடா” என்றீர்கள். பிறகு தகட்டை மாட்டவைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். அன்று நாங்களும் அழுதோம், அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

மறுநாளிலிருந்து நீங்கள் மறுபக்கம் பார்த்து நின்றீர்கள். அதற்கென்று ஓர் ஆள் கேட்டீர்கள். “வராத வண்டிக்கு ஓர் ஆளா? மேலே எப்படிச் சொல்லுவேன்?” என்றார் பொறியாளர் ஐயா. அவர் நிலை அவருக்கு. அதனால் மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டுவிட்டு நீங்களே வெயிலில் நின்றீர்கள். இந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டதென்று அண்ணி எங்களிடம் புலம்பினார்: “கடைத்தெருவுல நடந்தா பின்னால பின்னால திரும்பிப் பாக்குறாரு. எவளைப் பாக்குறாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு!” அண்ணி, கவலை வேண்டாம். அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் இரண்டு கார்களும் ஒரு மினி லாரியும் அந்தத் திசையில் வந்தன. அவை தூரத்தில் தெரியும்போதே ஒலித்த உங்கள் விசிலால் நாங்கள் நேரத்தோடு எழுந்து விலகினோம்; இன்று இங்கே நின்று வாசிக்கிறோம்.

ஐயா, பொறியாளர் அவர்களே! நாளை முதல் அண்ணன் இல்லை. அவர் நின்ற இடத்துக்கு ஆணையில் ஆள் இல்லை. ஆகவே பணிவோடு சொல்கிறோம்: அந்தத் திசையைப் பார்த்து ஒருவர் நிற்காமல் எங்களில் எவரும் ஸ்பேனரைத் தொடமாட்டோம். எங்களில் ஒருவரே நிற்பார், வேலை மெதுவாகத்தான் நடக்கும். கேள்வி கேட்டால் எங்கள் எல்லோரையும் கேளுங்கள்.

அண்ணா! நோயின்றி, நொடியின்றி, நிம்மதியாய் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்! கடைத்தெருவில் திரும்பிப் பார்க்காமல், அண்ணியின் கையைப் பிடித்து நேராக நடக்க வேண்டும்!

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர், கொடிக்காரர், இரண்டு ஃபிட்டர்கள்.

வெல்டரின் கையெழுத்து இதில் இல்லை. சுங்கச்சாவடிக்கு அப்பால் மதியம் ஒரு வேன் தடுப்பில் மோதிவிட்டது. பக்கத்துக் குழு அங்கே வேலை செய்கிறது. “எனக்கும் சேத்து கை தட்டிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அவர்கள் முதுகுப் பக்கம் பார்த்து நிற்கப் போயிருக்கிறான்.