நோய் வராத கொட்டில்

— பொய் சொல்லலை தம்பி. என் ஆடுங்க ஒருநாள் மூக்கை உறிஞ்சினதில்லை. எழுதிக்கோ.

— எழுதிட்டேன் அக்கா. இந்தத் தெருவுல பத்துக் கொட்டில். ஒன்பதுல ஆட்டுக்கொல்லி நோய் புகுந்து விளையாடியிருக்கு. உங்க கொட்டிலை மட்டும் எட்டிக்கூடப் பாக்கலை. அது ஏன்னு கேக்கத்தான் கால்நடைத் துறையிலேர்ந்து ரெண்டாவது தடவையா வந்திருக்கேன்.

— நோய்க்கும் என்னைக் கண்டா பயம். எங்க வீட்டுக்காரரைக் கேளு.

— அவர் உங்களைக் கேக்கச் சொல்லிட்டார். சரி, சந்தையில வாங்கின புது ஆட்டை உடனே மந்தையில சேப்பீங்களா?

— சேப்பேனா? மருமகளையே மூணு வாரம் தள்ளி வெச்சுத்தான் பாத்தேன்.

— ஆட்டைக் கேட்டேன் அக்கா.

— ஆடு வாங்கியே நாலு வருஷமாச்சு. எல்லாம் இங்கேயே பொறந்ததுங்க.

— மேய்ச்சல்?

— எல்லாரும் மேய்க்கற அதே ஏரிக்கரை.

— தண்ணி?

— அதே தொட்டி. என் ஆட்டுக்குன்னு தனிக் குழாயா போட்டிருக்காங்க?

— அங்கதான் இடிக்குது. ஒரு ஆடு தும்மினா பத்து ஆட்டுக்கு ஒட்டிக்கற நோய் இது. பக்கத்துக் கொட்டில்ல மட்டும் பதினாலு குட்டி போச்சு.

— தெரியும். நான்தான் கூட நின்னு குழி வெட்டினேன். அந்த வீட்டுக்காரி அழுத அழுகை... அதை விடு. அடுத்ததைக் கேளு.

— தடுப்பூசி?

— ஊசியா! போன வருஷம் ஊசிக்காரர் வந்தப்ப நான் போட்ட சத்தத்துல பெட்டியை விட்டுட்டு ஓடினார். சினை கலைஞ்சிடும்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினேன்ல!

— அப்ப போடலை.

— போடலை. கொட்டை எழுத்துல எழுதிக்கோ.

— எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வாரம் ரத்தம் எடுத்தேன்ல, முடிவு வந்திருச்சு. உங்க இருபத்திரண்டு ஆட்டுக்கும் இந்த நோயை எதிர்க்கற சக்தி இருக்கு.

— வளப்பு அப்படி!

— அது வளப்புல வராது. நோய் வந்து பிழைச்சிருக்கணும், இல்லே ஊசி போட்டிருக்கணும். நோய் வந்திருந்தா, இங்கேர்ந்துதான் தெருவுக்கே பரவுச்சோன்னு எழுத வேண்டி வரும்.

— ஐயையோ! அந்தப் பழியை என் தலையில கட்டாதே.

— அப்ப முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

— அந்தக் கதவைச் சாத்து. சாத்திட்டியா? ஊசிக்காரரை விரட்டின மறுவாரம் வெளியூர்ச் சந்தைக்குப் போனேன். ஒரு சினை ஆடு, மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, என் காலடியிலேயே சாஞ்சுது. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

— உங்களுக்கு என்ன ஆச்சு?

— மாட்டாஸ்பத்திரிக்குப்பா! எனக்கா மூக்கு ஒழுகுது? நான் விரட்டின அதே ஊசிக்காரர் கால்ல விழாத குறை. தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்னிக்கு, பின்வாசல் வழியா வந்து எல்லாத்துக்கும் போட்டுட்டுப் போனார்.

— ஒரு சினையாவது கலைஞ்சுதா?

— எங்க! முக்காவாசி ரெட்டைக் குட்டி. அதுங்களுக்கும் அப்புறம் அவரே வந்து போட்டுட்டார்.

— இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?

— முன்வாசல்ல அந்தக் கத்து கத்திட்டு, பின்வாசலைத் திறந்துவிட்டேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? கைகொட்டிச் சிரிக்க மாட்டாங்க? நான் போட்டா என்ன, போடாட்டி என்ன, அவங்கவங்க ஆடு, அவங்கவங்க பாடு. உண்மையைச் சொல்லிட்டேன்ல, எழுதிட்டு டீயைக் குடி, ஆறுது.

— அக்கா, ஏன் ஊசி போடலைன்னு அந்த ஒன்பது வீட்டுலயும் கேட்டேன். ஒன்பது பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: ‘அந்த அக்காவே வேண்டாம்னுட்டாங்க.’